ஆறக் கூடாத புண்



சென்ற இதழில் நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். புண்ணை எப்படியாவது ஆற வைக்க வேண்டும், ஆறாத புண் காலையே வாங்கிவிடும் என்று அதில் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு லயத்து அம்மாள் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி, "வாத்தியாரய்யா, நீங்க எழுதுனத எம் மவன் படிச்சுக் காட்டுனான். இனிமே புண்ணுன்னா அலட்சியமா விடமாட்டேன்" என்றார். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த மாதம் எழுத வந்திருப்பது அதற்கு நேர் எதிரான சங்கதி. ஆறிவிடுமோ என்று டாக்டர்கள் கவலைப்படுகிற ஒரு புண்ணும் உலகத்தில் இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதற்காக அவர்களே செய்து வைக்கிற புண் அது. அதன் இயல்பு தெரியாததால் எங்கள் குடும்பத்தில் ஒரு கண் போக இருந்தது.

கண்ணை இழக்க இருந்தவர் என் அத்தை, அதாவது என் தகப்பனாரின் தங்கை. ஜொகூரில் பதினாறு வயதில் உளியைப் பிடித்தவர், ஐம்பத்தைந்து வயதுவரை பால் வெட்டினார். மாமா காலமான பிறகு, சிங்கப்பூரில் வேலையாயிருக்கும் மகன் தம்மோடு அழைத்துப் போய்விட்டார். தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில் வீவக வீடு. ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்று முதலில் புலம்பிய அத்தை, தேக்கா மார்க்கெட்டையும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலையும் கண்டுகொண்ட பிறகு புலம்பலை நிறுத்திவிட்டார்.

மூக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. கண்ணில் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, உடனே கண் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்ததில் கிளாக்கோமா என்றார்கள்.

நம் கண்ணுக்குள்ளே ஒரு நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மைக்ரோலிட்டர் ஊறுகிறது. ஒரு நாள் முழுவதும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. இந்த நீர் கண்ணின் உள்ளுறுப்புகளுக்கு ஊட்டம் கொடுத்துவிட்டு, கருவிழி ஓரத்திலுள்ள மெல்லிய சல்லடை போன்ற வடிகால் வழியே வெளியேறிவிட வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் நீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை சாதாரணம் என்பார்கள். ஏறிய அழுத்தம் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிறது. பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வரும். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும் என்பதால் ஆளுக்குத் தெரிவதில்லை. வலியும் பெரும்பாலோருக்கு இருக்காது. போன பார்வை திரும்பி வராது.

சிங்கப்பூரில் 2007 முதல் 2009 வரை இந்திய வம்சாவளியினர் 3,400 பேரின் கண்களைச் சோதித்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். கிளாக்கோமா இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சோதனை வரைக்கும் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. வீட்டு வாசலில் எம்.ஆர்.டி.யும் தெருவுக்குத் தெரு கிளினிக்கும் உள்ள ஊரிலேயே இப்படி என்றால், தோட்டத்தைப் பற்றி என்ன சொல்வது? என் தகப்பனார் கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் பக்கத்தில் வருகிற ஆளை முட்டிக்கொள்வார், சாக்கடையில் கால் விடுவார். வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவருக்கும் இதே நோய்தானோ என்று அத்தைக்கு வந்த பிறகுதான் எண்ணத் தோன்றியது. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று கேட்டதும் நானும் போய்ச் சோதித்துக்கொண்டேன். 19 இருக்கிறது, ஆண்டுக்கொருமுறை வரவேண்டும் என்றார்கள்.

அத்தைக்கு நான்கு ஆண்டுகள் சொட்டு மருந்து ஓடியது. ஒன்றில் தொடங்கி மூன்று புட்டியாயிற்று. அப்படியும் வலது கண்ணில் அழுத்தம் இறங்கவில்லை. சென்ற ஆண்டு புரட்டாசி மாதத் தொடக்கத்தில் அந்தக் கண்ணில் அறுவை செய்தார்கள். அரை மணி, முக்கால் மணி நேர வேலை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தவறு அதன் பிறகுதான் நடந்தது. அதை நாங்கள்தான் செய்தோம். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஒரு மாதத்துக்கு முன் கண்புரை அறுவை நடந்திருந்தது. மறுநாளே தொலைக்காட்சியில் எழுத்துப் படிக்கிறாராம். அத்தைக்கோ பார்வை முன்னைவிடச் சற்று மங்கலாகவே இருந்தது. இரண்டு வாரத்தில் கண் வெளுத்துவிட்டது, உறுத்தல் போய்விட்டது. பார்வையும் கூடவில்லை, வலியும் இல்லை, பிறகு இந்த மருந்து எதற்கு என்று அத்தைக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு மணிக்கொருமுறை போடச் சொன்னதை நாளைக்கு இரண்டு தரமாக்கினார். மூன்றாம் வாரம் புட்டி தீர்ந்ததும் வேறு வாங்கவில்லை. தீபாவளி நெருங்கிவிட்டது. மகனும் மருமகளும் வேலைக்கு ஓடுகிறவர்கள். கேம்பல் லேனில் கூட்டத்தோடு கூட்டமாய்ச் சாமான் வாங்கப் போனதில் ஒரு தவணைச் சோதனையும் விட்டுப்போயிற்று.

"புண்ணு நல்லா ஆறிடுச்சு தம்பி, பாரு" என்று தொலைபேசியில் முகத்தைக் காட்டினார் அத்தை. நானும், "ஆமாம் அத்தை, சுத்தமா ஆறிப்போச்சு" என்று சந்தோஷப்பட்டேன். சான்றிதழ் வாங்கிய வாத்தியாருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்துக்குத் தீபாவளி விடுமுறை விட்டதும் சிங்கப்பூர் போனேன். பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் அத்தையைச் சோதனைக்கு அழைத்துப் போனது நான்தான். அழுத்தம் 27 என்று வந்தது. அறுவைக்கு முன்பு இருந்ததும் அதேதான்.

டாக்டர் சீனர். ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். உடனிருந்த தாதி தமிழ்ப் பெண். அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறக் கூடாதும்மா. அந்தப் புண்ணு உள்ள ஆறக் கூடாது. ஆறுனா அடைச்சுக்கும்" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது பால்மரத்தை நினைத்த பிறகுதான். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் பிரட்டு முடிந்து நிரைக்குப் போய்ப் பட்டையைச் சீவுகிறீர்கள். வெட்டுக்கோட்டில் பால் வழிந்து மங்கில் விழுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒழுக்கு நின்றுவிடுகிறது. மரத்தில் பால் தீர்ந்தா போயிற்று? இல்லை. வெட்டிய வாயில் பால் உறைந்து அடைத்துக்கொண்டது. கோட்டின்மேல் ஒட்டுப்பாலாகக் காய்ந்து கிடப்பதை நீங்கள்தானே உரித்தெடுக்கிறீர்கள்? மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்கிறது. ஆகவேதான் அடுத்த முறை மெல்லிய சீவல் ஒன்று எடுத்து அதே காயத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. இந்த முறையை 1890-களில் வகுத்துக் காட்டியவர் சிங்கப்பூர்ப் பூமலையின் தலைவராயிருந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர். அதற்கு முன்பு மரத்தைக் கண்டபடி கொத்திப் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு, அடைப்பு சீக்கிரம் விழாமல் பால் கூடுதல் நேரம் ஒழுக, கோட்டருகே ஊக்க மருந்து பூசுகிற வழக்கமும் வந்தது.

கண்ணில் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். மேலிமைக்குப் பின்னே மறைந்திருக்கிற இடத்தில், வெள்ளை விழியின்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தைத் திறக்கிறார்கள். அதன் கீழே வெள்ளை விழிச் சுவரில் பாதிக் கனத்துக்கு ஒரு சிறு கதவு சீவுகிறார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். கதவுக்கு அடியில் கண்ணுக்குள் போக ஒரு துளை. பிறகு கதவை மூடி, நீர் கசிகிற அளவுக்குத் தளர்வாகத் தையல் போட்டு, மேல்படலத்தை இறுகத் தைத்துவிடுகிறார்கள். தேங்கிய நீர் கதவோரத்தில் கசிந்து, படலத்துக்கு அடியில் ஒரு சிறு நீர்க்கொப்புளமாக எழும்புகிறது. அங்கிருந்து சுற்றுத் தசைகளும் இரத்தக் குழாய்களும் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. இமையைத் தூக்கினால் அந்தக் கொப்புளம் தெரியும். கொப்புளம் இருந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் உடம்புக்கு இந்தத் திட்டம் தெரியாதே! வெட்டு விழுந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். முதல் சில மணி நேரத்தில் இரத்தக் கசிவு உறைந்து வலை பின்னுகிறது. அடுத்த சில நாட்கள் அழற்சி. இரத்தத்திலிருந்து காவல் அணுக்கள் வந்து குவிகின்றன. கண் சிவக்கிறது, தடிக்கிறது. அந்த அணுக்கள் விடுகிற செய்தியைக் கேட்டு நார் நெய்கிற அணுக்கள் வருகின்றன. அவை வாரக்கணக்கில் கொலாஜன் என்ற நாரை நெய்து தள்ளுகின்றன. பிறகு மாதக்கணக்கில் அந்த நார் இறுகிச் சுருங்கித் தழும்பாகிறது. காலில் வெட்டுப்பட்டால் இவ்வளவும் நமக்கு வேண்டும். இங்கே இதே வேலை துளையை அடைத்துவிடுகிறது. கண் வெளுத்து, வலி போய், பார்க்க அழகாக ஆன அந்த நாட்களில்தான் அத்தையின் கண்ணுக்குள்ளே நார் நெய்துகொண்டிருந்தது.

கண்ணில் நீர் போகத் துளையிடுகிற யோசனை புதிதல்ல. நம் சென்னை எழும்பூரில், 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அங்கே தலைவராயிருந்த எலியட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1909-இல் வட்டமான சிறு உளியால் துளையிடுகிற முறையைத் தொடங்கினார். உலகம் முழுவதும் அது பரவியது. ஆனால் மூடுகதவு இல்லாத துளை ஆனபடியால், சிலருக்கு நீர் அளவுக்குமேல் ஒழுகிக் கொப்புளம் மெலிந்து, ஆண்டுகள் கழித்துக்கூடக் கிருமி உள்ளே புகுந்தது. 1968-இல் கேம்பிரிட்ஜில் கெய்ன்ஸ் என்பவர் துளைக்கு மேலே கதவு வைக்கிற முறையை வெளியிட்டார். இன்றைக்கும் பெரும்பாலும் அதன் வழிவந்ததைத்தான் செய்கிறார்கள். ஒழுக்கு கட்டுக்குள் வந்தது. தழும்பு மட்டும் கட்டுக்குள் வரவில்லை.

தழும்பை அடக்கத் தேடிய மருந்துதான் எங்கள் வீட்டில் பெரிய கலவரத்தை உண்டாக்கியது. அறுவையின்போது கண்ணில் என்ன மருந்து வைத்தார்கள் என்று அத்தை மகன் காகிதத்தைப் பார்த்து இணையத்தில் தேடியிருக்கிறார். மைட்டோமைசின், புற்றுநோய் மருந்து என்று வந்திருக்கிறது. "மச்சான், எங்கம்மாவுக்குப் புத்துநோயா? எங்ககிட்ட மறைக்கிறாங்களா?" என்று நடுராத்திரியில் எனக்குத் தொலைபேசி. புற்றுநோய் அல்ல. புற்று அணுக்கள் பெருகாமல் தடுக்கிற மருந்து நார் நெய்கிற அணுக்களையும் பெருக விடாது. அவ்வளவுதான் சம்பந்தம். தைவானைச் சேர்ந்த சென் என்ற டாக்டர் 1980-களின் தொடக்கத்தில் மைட்டோமைசினை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார். அமெரிக்காவின் மயாமியில் 1984-இல் ஃபுளோரோயுராசில் என்ற இன்னொரு மருந்தைக் கையாண்டார்கள். ஒரு பஞ்சுத் துண்டில் நனைத்து, அறுத்த இடத்தில் சில நிமிடங்கள் வைத்திருந்துவிட்டு, நன்றாகக் கழுவிவிடுவார்கள். தலைமுடி கொட்டாது, வாந்தி வராது.

இந்த ஃபுளோரோயுராசிலைப் பற்றிச் சிங்கப்பூரிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எம்.ஆர்.டி.யில் லிட்டில் இந்தியாவில் ஏறினால் நாலாவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். அங்கேதான் 1990 முதல் இயங்கும் சிங்கப்பூர் தேசியக் கண் நிலையமும், 1997-இல் ஏற்பட்ட சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகமும் இருக்கின்றன. டாக்டர் டீனா வோங், லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் பெங் காவ் முதலியோர் சேர்ந்து செய்த அந்த ஆய்வின் மூன்றாண்டு முடிவு 2009-இல் வெளியாயிற்று. நோயாளிகள் 243 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவையின்போது ஐந்து நிமிடம் மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் நீர். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. மருந்து வைத்தவர்களுக்கு வெற்றி சற்றுக் கூடுதல்தான். ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. நோய் முற்றுகிற வேகத்திலும் இரு பகுதியாருக்கும் வேற்றுமை காணவில்லை. தழும்பு விழும் அபாயம் குறைவாக இருந்த நோயாளிகள் அவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கடும் தழும்புக்காரர்களுக்கு வலுவான மருந்து தேவைப்படுகிறது. எனக்கு இந்த ஆய்வு பிடித்துப்போனதற்குக் காரணம், மேசையில் வைக்கிற மருந்து ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பை அது உடைத்துவிட்டது.

அதே டீனா வோங் குழுவினர் 2010-இல் இன்னொன்று சொன்னார்கள். கிளாக்கோமா சொட்டு மருந்து போட்டுவந்தவர்களின் கண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். காவல் அணுக்களை அழைக்கிற ஒரு செய்திப் புரதம் அதில் கூடுதலாயிருந்தது. அறுவைக்கு முன்பே அது அதிகமிருந்த கண்களில் தழும்பு சீக்கிரம் கட்டுவதையும் கண்டார்கள். அதாவது, பல ஆண்டு மருந்து விட்ட கண் வெளியே சாதுவாயிருந்தாலும் உள்ளே ஏற்கெனவே புகைந்துகொண்டிருக்கலாம். சொட்டு மருந்தும், அது கெடாமலிருக்கச் சேர்க்கிற பொருளும் இப்படி உறுத்தக்கூடியவை. அதற்காக யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பார்வை நரம்புதான் போகும். அறுவைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அழற்சி தணிக்கும் சொட்டு போட்டால் பலன் கூடுகிறது என்று பெல்ஜியத்தில் ஒரு குழு அதே ஆண்டில் காட்டியது. எனவே அறுவைக்கு முன்னாலேயே ஒரு புதிய புட்டி எழுதித் தந்தால், எதற்கென்று முகம் சுளிக்க வேண்டாம்.

இப்போது அத்தை நிறுத்திய மருந்துக்கு வருகிறேன். அது ஸ்டீராய்டு. கிருமி மருந்தைச் சில வாரத்தில் நிறுத்திவிடுவார்கள், ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். அழற்சியைத் தணித்து, நார் நெய்கிறவர்களுக்குச் செய்தி போகாமல் தடுப்பது அதன் வேலை. அமெரிக்காவில் பிலடெல்பியா டாக்டர்கள் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது, போடாதவர்களுக்கு அவ்வளவு இறங்கவில்லை. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நிலைத்திருந்தது. முதல் சில வாரங்களில் போட்ட சொட்டு பத்தாண்டுக்குப் பேசுகிறது பாருங்கள்!

இந்த ஸ்டீராய்டு ஒரு விசித்திரமான மருந்து. தேவையில்லாத கண்ணில் மாதக்கணக்கில் விட்டால் இதுவே அழுத்தத்தை ஏற்றிக் கிளாக்கோமாவை உண்டாக்கும். கண் சிவந்தது, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்தது என்று வாங்கி விட்டுக்கொண்டு, பார்வை நரம்பை இழந்தவர்கள் உண்டு. ஆகவே அத்தையின் புட்டி அத்தைக்கு மட்டும்தான். அளவும் டாக்டர் சொன்ன அளவுதான், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

தாதி அன்றைக்கு இன்னொன்றும் கேட்டார். "புட்டிய நல்லாக் குலுக்கித்தானே போட்டீங்க?" அத்தை விழித்தார். அந்த மருந்து பால்போல வெளுப்பாயிருக்கும், நின்றால் அடியில் தங்கும். குலுக்காமல் போட்டால் மேலேயிருக்கிற நீர்தான் கண்ணில் விழும். ஆக, போட்ட இரண்டு வாரமும் ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம். போட்ட பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி விட வேண்டும் என்றும் செய்து காட்டினார். "ஆபரேஷன் அர மணி நேரந்தாம்மா. மிச்ச வேலய இந்தச் சொட்டுதான் பாக்கணும்" என்றார். நான் இத்தனை பக்கம் எழுதியதை அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அத்தைக்கு அன்றே லேசர் ஒளியால் உள்தையல் ஒன்றை அறுத்துவிட்டார்கள். கதவு சற்று நெகிழ்ந்தது, அழுத்தம் 22-க்கு வந்தது. போதவில்லை. அடுத்த வாரம் கண்ணை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியைப் படலத்துக்கு அடியில் விட்டு, கட்டியிருந்த தழும்பைக் கீறிப் பிரித்து, பக்கத்தில் ஃபுளோரோயுராசில் செலுத்தினார்கள். பட்டையை மறுபடி சீவித் திறப்பதுதான், வேறென்ன? கொப்புளம் எழும்பியது. இந்த வேலைகளெல்லாம் முதல் வாரங்களிலும் மாதங்களிலும்தான் நன்றாகப் பலிக்கும். தவணைக்குத் தவணை வரச்சொல்லி அவர்கள் நச்சரிப்பது அதற்காகத்தான். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து வேறிடத்தில் வெட்ட வேண்டியிருந்திருக்கும், அல்லது குழாய் வைக்க வேண்டியிருந்திருக்கும். சிங்கப்பூரின் பால் சியூ என்ற டாக்டர் உருவாக்கிய மெல்லிய குழாய்க் கருவி ஒன்று அவர் பெயரிலேயே பல நாடுகளில் பயனாகிறது. ஆனால் குழாய் வைத்தாலும் அதைச் சுற்றியும் தழும்பு கட்டத்தான் செய்யும்.

நேர்மாறான ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். தழும்பை அளவுக்குமேல் அடக்கினால், எலியட் காலத்து நோயாளிகளுக்கு நேர்ந்ததுபோல் கொப்புளத்தின் தோல் மெலிந்துவிடும். வெளிப்படலம் ஆற வேண்டும், உள்வழி ஆறக்கூடாது. டாக்டர்கள் நடக்கிற கயிறு இது. உளி ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பாலில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. கொப்புளம் உள்ள கண்ணில் எத்தனை ஆண்டு கழித்தானாலும் சிவப்பு, வலி, பீளை, திடீர் மங்கல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கிருமி ஓரிரவில் கண்ணை முடித்துவிடும்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், பன்னீர் எதுவும் அந்தக் கண்ணுக்கு ஆகாது. நான் நாட்டு வைத்தியத்துக்கு விரோதியல்லன், ஆனால் மெல்லிய தோலுக்குப் பின்னால் நேராகக் கண்ணின் உட்புறம் இருக்கிறது என்பதை நினைக்க வேண்டும். முதல் வாரங்களில் குனிந்து கூட்டுவது, பாரம் தூக்குவது, கண்ணைக் கசக்குவது கூடாது. தலைக்குக் குளிக்கும் தண்ணீர் கண்ணில் படக்கூடாது. அத்தைக்குப் பெரிய வருத்தம் தீபாவளி எண்ணெய்க் குளியல்தான். அதையும் தலைக்குச் சீயக்காய் தேய்த்து நிறைவாகவே செய்திருக்கிறார் என்று பிறகுதான் மருமகள் சொன்னார். டாக்டரிடம் அதை நாங்கள் மொழிபெயர்க்கவில்லை.

இன்னொரு கேள்வியையும் பலர் கேட்பார்கள்: கிளாக்கோமா அறுவை முடிந்ததும் புரையையும் எடுத்துவிடலாமே? எடுக்கலாம், ஆனால் அவசரப்படக்கூடாது. நான் மேலே சொன்ன சிங்கப்பூர் ஆய்வின் நோயாளிகளையே தொடர்ந்து பார்த்து 2012-இல் எழுதினார்கள். முதல் அறுவைக்கும் புரை அறுவைக்கும் இடைவெளி குறையக் குறைய, முதல் அறுவை கெட்டுப்போவது அதிகமாயிருந்தது. இரண்டாவது வெட்டு மறுபடி அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. நாள் குறிப்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

ஊசி வைத்த பிறகு அத்தை மகன் சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டினார். மருந்து விட்டதும் அந்தத் தேதியில் ஒரு கோடு போட வேண்டும். தோட்டத்தில் நாள் பேர் போட்டுப் பழகிய அத்தைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நாளைக்கு எட்டுக் கோடு ஆறாயிற்று, நான்காயிற்று, இரண்டாயிற்று. தைப்பூசத்தன்று பெருமாள் கோயில் வாசலில் காவடி புறப்படுவதைப் பார்க்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார். விபூதி பறக்குமே என்று பக்கங்களும் மூடிய பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டி, கூட்டத்துக்கு எட்டி நிறுத்திக் காட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த வாரச் சோதனையில் அழுத்தம் 14. இனி ஸ்டீராய்டு வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர்.

அத்தை நம்பவில்லை. தாதியின் பக்கம் திரும்பி, "நெசமாவே நிப்பாட்டச் சொல்றாரா? நல்லாக் கேட்டுச் சொல்லு தாயி" என்று மூன்று தடவை கேட்டாராம்.